இறுதிப் பாடல் வரை: ஆனந்த சங்கரின் 1970 இசைத்தட்டு

ஒரு கலைப்படைப்பைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. சொன்ன தீர்ப்பு பிழையென்று உணர்ந்தபின் அதைத் திரும்பப் பெறுவது கடினம். யாரிடம் அதைச் சொன்னோமோ அவர் இன்று உயிரோடு இல்லை என்றால், அது தீராத கடனாகவே நம்மிடம் தங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட கடன் ஒன்றின் ஒரு பகுதியையேனும் அடைக்க முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1980களின் நடுப்பகுதி அது. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில், லாரியோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்பில்லாத வீடு அரிதாக இருந்த காலம். ஓட்டுநர், கிளீனர், பட்டறைத் தச்சர், வண்ணம் பூசுபவர் என எல்லாரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். நம் தெருவிலும் ஓர் ஓட்டுநர் இருந்தார். கல்கத்தாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்றால் திரும்பிவர இரண்டு மூன்று வாரமாகும். வயதில் மூத்தவர் ஆதலால் அண்ணன் என்றே அழைத்து வந்தோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; ஆயினும் பாட்டென்றால் உயிர்.

ஒருமுறை திரும்பி வந்தபோது ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்து நம்மிடம் தந்தார். கல்கத்தாவில், கேட்ட பாடல்களைப் பதிந்து தரும் கடை ஒன்றில் வாங்கியது. கலைஞரின் பெயரோ பாடல்களின் பட்டியலோ அதன்மேல் இல்லை. அண்ணனே பந்துமுனைப் பேனாவால் ‘சித்தார்’ என்று எழுதி வைத்திருந்தார்.

கேட்டோம். சிதார் ஒலித்தது, அதன் பின்னால் மின்கிதார் உறுமியது, மேலைநாட்டு முரசுகள் அதிர்ந்தன, இன்ன கருவியென்று அறிய முடியாத ஓர் ஒலி அலைபோல் எழுந்து அடங்கியது. கர்நாடக இசையில் கொஞ்சம் கேள்வி ஞானமும், நூலகத்தில் படித்த நான்கு கட்டுரைகளும் நமக்குத் தந்திருந்த செருக்கு அப்போது பேசியது: “இது வெறுங்கதம்பம் அண்ணா. வெள்ளைக்காரனுக்குப் பிடிக்க வேண்டுமென்று சிதாரை விலைபேசியிருக்கிறார்கள். இதற்கு வேரே கிடையாது.”

அண்ணன் மறுத்துப் பேசவில்லை. நாடாவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போகிறபோக்கில் ஒன்று மட்டும் சொன்னார்: “எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. மத்த பாட்டெல்லாம் ராத்திரியில வண்டியை வெரட்டச் சொல்லும். இது வண்டிகூடவே வருது.”

அந்த வாக்கியம் ஒரு திறனாய்வு என்பது அன்று நமக்குப் புரியவில்லை.

நாடாவில் இருந்தது எது?

அந்த நாடாவில் இருந்தது ஆனந்த சங்கரின் இசை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். 1970-இல் அமெரிக்காவின் ரிப்ரைஸ் நிறுவனம் அவர் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. சைக்கடெலிக் ராக் என்ற வகையில் இந்தியர் ஒருவர் படைத்தவற்றுள் இன்றும் உலகெங்கும் முதலில் எண்ணப்படுவது அதுவே.

சைக்கடெலிக் என்ற சொல்லை வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர் 1950களில் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து உருவாக்கியது அது. உள்ளத்தை வெளிப்படச் செய்வது என்பது அதன் பொருள். எல்.எஸ்.டி. போன்ற பொருள்கள் மனித மனத்தில் விளைவிக்கும் மாற்றங்களைக் குறிக்கப் பிறந்த சொல், 1960களின் நடுவில் ஓர் இசைவகைக்கும் பெயராயிற்று. நீண்டு ஒலிக்கும் சுருதி, எதிரொலி, திரித்துப் பதியப்பட்ட குரல், முடிவின்றிச் சுழலும் தாளம் ஆகியவை அதன் அடையாளங்கள். போதையோடு அதற்கிருந்த உறவு மெய்யானது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பல இளம் உயிர்களை அந்த உறவு காவு கொண்டது.

இந்த இசைக்குச் சிதார் வந்து சேர்ந்த வழி பலரும் அறிந்ததே. 1965-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பாடலில் சிதாரை மீட்டினார். அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்சும் மீட்டினார். 1966-இலேயே ஹாரிசன் இந்தியாவுக்கு வந்து பண்டிட் ரவிசங்கரிடம் பாடம் கேட்டார். ரவிசங்கர் 1967-இல் மான்டரே விழாவிலும் 1969-இல் உட்ஸ்டாக் விழாவிலும் இலட்சக்கணக்கான இளைஞர்களுக்கு முன் வாசித்தார். ஆனால் தம் இசையைப் போதையோடு சேர்த்துக் கேட்பதை அவர் வெளிப்படையாகக் கண்டித்து வந்தார். தவமிருந்து கற்ற கலையை மயக்கத்தில் இருப்போர் கேட்பது அவருக்கு மனவேதனை தந்தது.

அந்த ரவிசங்கரின் அண்ணன் மகனே ஆனந்த சங்கர். நடனக்கலைஞர்கள் உதயசங்கர், அமலா சங்கர் ஆகியோரின் மைந்தர்; 1942-இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தவர். உதயசங்கர் தம் ஒரே திரைப்படமான ‘கல்பனா’வைச் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவாக்கி 1948-இல் வெளியிட்டார் என்பதைத் தமிழர் நாம் நினைவிற்கொள்ளலாம். ஆனந்த சங்கர் சிதார் கற்றது சிற்றப்பாவிடம் அன்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் லால்மணி மிஸ்ராவிடம். 1960களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் உள்ளிட்டோருடன் வாசித்தார். சிற்றப்பா எந்த உறவைக் கண்டு அஞ்சினாரோ, அந்த உறவுக்குள்ளேயே அண்ணன் மகன் நுழைந்தார். மரபுக் கருவியான சிதாரையும் புதிய மின்னணுக் கருவிகளையும் இணைத்துப் பெயரிடப்படாத ஓர் இசையைப் படைக்க வேண்டும் என்பது அவர் கனவாக இருந்தது.

கடன் வாங்கியவரிடம் கடன்

இசைத்தட்டில் எட்டு உருப்படிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு பிறருடையவை. முதல் உருப்படியான ‘ஜம்ப்பிங் ஜாக் ஃப்ளாஷ்’ ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1968-ஆம் ஆண்டுப் பாடல். மூன்றாவதான ‘லைட் மை ஃபயர்’ டோர்ஸ் குழுவின் 1967-ஆம் ஆண்டுப் பாடல். இவ்விரண்டும்தாம் நம்மை முதலில் எரிச்சலூட்டியவை. பாடகர் நின்ற இடத்தில் சிதாரை நிறுத்திவிட்டால் போதுமா, இது என்ன இணைப்பு என்று எண்ணினோம்.

பின்னர் ஓர் உண்மையை அறிந்தோம். ‘லைட் மை ஃபயர்’ பாடலைப் பெரும்பாலும் எழுதிய கிதார் கலைஞர் ராபி கிரீகரும், அதே குழுவின் முரசுக் கலைஞர் ஜான் டென்ஸ்மோரும், ரவிசங்கர் லாஸ் ஏஞ்சல்சில் நிறுவிய கின்னரா இசைப்பள்ளியில் பயின்றவர்கள். ஓரிரு சுரங்களின்மேல் நின்றுகொண்டு நெடுநேரம் கற்பனை செய்யும் அந்தப் பாடலின் நடுப்பகுதியில் நம் ஆலாபனையின் நிழல் விழுந்திருந்தால் வியப்பில்லை. அப்படியானால் ஆனந்த சங்கர் அந்நியர் வீட்டில் கடன் வாங்கவில்லை. தம் வீட்டிலிருந்து போன பாத்திரத்தையே திரும்ப எடுத்து வந்திருக்கிறார். பாத்திரத்தின் வண்ணம் மாறியிருந்தது. அவ்வளவே.

ஆயினும் குறையைக் குறையென்றே சொல்ல வேண்டும். ‘ஜம்ப்பிங் ஜாக் ஃப்ளாஷ்’ உருப்படியில் சிதார் பாடலின் மெட்டைப் பின்தொடர்வதோடு நின்றுவிடுகிறது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு நரம்பை இழுத்துச் செல்லும் மீண்டு என்ற நுட்பமே சிதாரின் உயிர். அதற்கு நேரம் வேண்டும். மூன்றரை நிமிட நடனப் பாட்டு அந்த நேரத்தைத் தருவதில்லை. கேட்க இன்பமாக இருக்கிறது. கேட்டபின் ஒன்றும் எஞ்சுவதில்லை. அந்த அளவில் நாம் அன்று சொன்னது முழுப்பொய் அன்று. ஆனால் அந்த ஒரு பாட்டை வைத்து முழுத் தட்டையும் அளந்தோமே, அங்கேதான் தவறினோம்.

கடலில் பதின்மூன்று நிமிடம்

நாம் தவறியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒலிநாடாவைப் பதிந்து தந்த கடைக்காரர் உருப்படிகளைத் தம் விருப்பப்படி மாற்றி அடுக்கியிருந்தார். நீண்டதை வெட்டியிருந்தார், துள்ளுவதை முன்னால் போட்டிருந்தார். வேறு தட்டிலிருந்தும் ஒன்றிரண்டைச் சேர்த்திருந்தார். 1990களின் இறுதியில், நண்பர் ஒருவர் வாயிலாக இத்தட்டை அதன் உண்மையான வரிசையில் முதன்முறையாகக் கேட்டோம்.

அந்த வரிசை பின்வருமாறு அமைகிறது. முதற்பக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல், ‘பனிமலர்’ என்ற மென்மையான உருப்படி, டோர்ஸ் பாடல், ‘மமதா’ என்ற சிறு உருப்படி. மமதா என்றால் பாசம். ஆனந்த சங்கரின் தங்கை பெயரும் அதுவே. அடுத்து ‘உருமாற்றம்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஏறத்தாழ ஏழு நிமிட ஆக்கம். இரண்டாம் பக்கம் ‘சாகர்’ என்னும் கடலோடு தொடங்குகிறது. அது மட்டும் ஏறத்தாழ 13 நிமிடம். அதனை அடுத்து ‘நடன இந்திரன்’. இறுதியாக, காந்தியடிகளின் நாவில் வாழ்ந்த ‘ரகுபதி’ பஜனை.

‘சாகர்’தான் இத்தட்டின் கருவறை. ராபர்ட் மூக் 1964-இல் உருவாக்கிய மின்னொலிக் கருவியை இங்கே பால் லெவின்சன் இயக்குகிறார். 1968-இல் பாக் என்ற மேதையின் ஆக்கங்களை அக்கருவியில் பதிந்து வெளிவந்த தட்டு உலகையே வியப்பில் ஆழ்த்தியிருந்தது. அதன்பின் அக்கருவியைப் பலர் வேடிக்கை ஒலிகளுக்கே பயன்படுத்தினர். ஆனந்த சங்கர் அதற்கு வேறு வேலை தந்தார். நம் கச்சேரி மேடையில் தம்புரா எந்த இடத்தில் அமர்ந்திருக்குமோ, அந்த இடத்தில் அதை அமர்த்தினார். தம்புரா தன்னை முன்னிறுத்துவதில்லை. பாடுபவருக்கு நிற்க ஓர் நிலம் தருகிறது. அவ்வாறே இங்கும் மின்னொலி அலையலையாய் நிலம் அமைத்துத் தர, சிதார் அவசரமின்றி நடக்கிறது. முதற்பக்கத்தில் கிட்டாத நேரம் இங்கே தாராளமாகக் கிட்டுகிறது. சிதார் தான் சிதாராகவே இருக்கிறது. கருவி புதிது, உறவு பழையது. இவ்விடத்தில் நாம் ‘வேர் இல்லை’ என்று சொன்னது நம் செவியின் குறையே அன்றி, இசையின் குறை அன்று.

கடலிலிருந்து கேட்பவரைக் கரைசேர்க்கும் முறையும் கவனிக்கத்தக்கது. உதயசங்கரின் புகழ்பெற்ற தனிநடனங்களுள் ஒன்று இந்திரனைப் பற்றியது. கடலைக் கடந்தபின் மகன் தந்தையின் முற்றத்தில் இறங்குகிறார். அங்கிருந்து பலர் கூடிப் பாடும் வழிபாட்டுப் பாடலுக்கு வந்து நிறைவு செய்கிறார். தெருவில் தொடங்கி, தனிமையின் ஆழத்துக்குச் சென்று, வீட்டுக்குத் திரும்பி, ஊரோடு சேர்ந்து பாடி முடிகிறது பயணம். இவ்வகை இசைத்தட்டுகள் பல, கேட்பவரை நடுவானில் விட்டுவிட்டு முடிந்துபோகும். ஆனந்த சங்கர் இறக்கிவிடும் இடத்தை அறிந்திருந்தார்.

பம்பை கற்பிப்பது

இதைப் புரிந்துகொள்ள நமக்கு உதவியது புத்தகம் அன்று. நம் சமவெளியின் பம்பை.

சேலம், நாமக்கல் பகுதிகளில் ஆடி மாதத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பம்பையை விளக்க வேண்டியதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரு முழவுகள். அவற்றை இடுப்பில் கட்டிக் குச்சிகளால் அடிப்பர். உடன் உடுக்கையும் சிலம்பும் சேரும். நாம் வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்கள் என்றாலும், அண்டை வீட்டாரின் விழாக்களின்போது அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். இரவின் அமைதியில் பம்பைக்காரர் முதலில் மெல்லத் தொடங்குவார். கதை சொல்லிப் பாடுவார். தாளம் படிப்படியாக நெருங்கும். ஒரு கட்டத்தில் கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு அருள் வரும். உடல் நடுங்கும், தன்னினைவு நழுவும்.

அமெரிக்க இளைஞர்கள் மாத்திரையாலும் மின்கருவியாலும் தேடிய நிலைக்கு, தோலும் குச்சியும் மட்டுமே கொண்டு நம் கிராமத்துக் கலைஞர் மனிதரை இட்டுச் சென்றார் என்று சொல்லி மகிழ்ந்து நின்றுவிடலாம். ஆனால் அதற்கும் மேலான ஒன்று அங்கே உண்டு. அருள் வந்தவரைச் சுற்றி ஊரார் நிற்பர். விழாமல் தாங்கிப் பிடிப்பர். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பர். பின்னர் பம்பைக்காரர் தாளத்தைத் தணிப்பார். மஞ்சள்நீர் தெளிக்கப்படும், திருநீறு இடப்படும். மனிதர் தம்மிடம் மீள்வார். மறுநாள் காலை அவர் வயலுக்கோ தறிக்கோ செல்வார். ஏற்றத் தெரிந்தவன் இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பம்பைக் கலையின் எழுதப்படாத இலக்கணம். தாளத்தின் பொறுப்பு அடிப்பவரிடம் இருக்கிறது. மனிதரின் பொறுப்பு ஊரிடம் இருக்கிறது.

1960களின் போதை இசையில் இல்லாமற்போனது இந்த இரண்டாம் பாதியே. ஏற்றிவிடும் கலை அங்கே உச்சத்தைத் தொட்டது. இறக்கிவிடும் கலையும் தாங்கிப் பிடிக்கும் ஊரும் அங்கே இல்லை. ஆனந்த சங்கர் அதே கருவிகளைக் கொண்டே அந்த இரண்டாம் பாதியை மீட்டுத் தந்தார் என்பது நம் கருத்து. “வண்டியை வெரட்டச் சொல்லும்” பாட்டுக்கும் “வண்டிகூடவே வரும்” பாட்டுக்கும் இடையே அண்ணன் கண்ட வேறுபாடும் இதுவேயன்றோ? உறங்கவும் கூடாது, விரையவும் கூடாது என்ற நிலையில் இரவெல்லாம் விழித்திருந்து வண்டியோட்டிய ஒருவருக்கு, எந்த இசை தன்னைத் தாங்குகிறது, எந்த இசை தள்ளுகிறது என்பது உயிர்ச்சிக்கல். நாம் கற்ற நூல்களைவிட அவருக்கு அது நன்கு தெரிந்திருந்தது.

அதே ஆண்டில் சேலத்தில்

இத்தட்டு வெளிவந்த 1970-ஆம் ஆண்டில் நம் சேலத்திலும் ஒரு கலப்பு நடந்துகொண்டிருந்தது. டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வாயிலாகத் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படத்தைத் தந்த நிறுவனம். 1960களின் நடுவிலிருந்து அது துப்பறியும் படங்களில் இறங்கியது. ‘வல்லவன் ஒருவன்’ 1966-இலும் ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970-இலும் வந்தன. ஜெய்சங்கர் நடித்த அப்படங்களுக்கு இசை அமைத்தவர் வேதா. மேலைநாட்டு மெட்டுகளையும் இந்தி மெட்டுகளையும் தமிழ்ப்படுத்துவதில் அவர் பெயர் பெற்றவர். சேலத்துத் திரையரங்குகளில் தரை டிக்கெட்டில் அமர்ந்திருந்தவர்கள், மேலைநாட்டு ராக் குழு எதனின் பெயரையும் அறியாமலேயே அந்தக் காலத்தின் ஒலியை இப்படித்தான் கேட்டார்கள்.

வேதாவின் பாடல்கள் இனியவை, இன்றும் முணுமுணுக்கப்படுபவை. ஆனால் அவர் செய்தது வண்ணம் பூசும் வேலை. திரைப்படத்தின் தேவை அதுவாகவே இருந்தது. கொலைகாரன் வரும்போது ஒரு ஒலி, காதலி ஆடும்போது ஒரு ஒலி என்று காட்சிக்கு ஏற்ற வண்ணம் வேண்டியிருந்தது. வண்ணம் பூசுவது இழிந்த தொழில் அன்று. நம் லாரிப் பட்டறைகளில் அதைக் கலையாகவே செய்கிறார்கள். ஆயினும் வண்ணம் பூசியவர் வண்டி எங்கே போகிறது என்று தீர்மானிப்பதில்லை. ஆனந்த சங்கரின் முதற்பக்கம் பெரும்பாலும் வண்ணம். இரண்டாம் பக்கம் வண்டி. இந்த வேறுபாட்டை வைத்தே கலப்பிசை எதையும் அளக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இன்று மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது.

செல்வாக்கு என்பது யாது?

இத்தட்டின் செல்வாக்கு நேர்கோட்டில் செல்லவில்லை. ஆனந்த சங்கர் இந்தியாவுக்குத் திரும்பினார். மிருணாள் சென் இயக்கிய ‘கோரஸ்’ படத்துக்கு இசையமைத்து 1974-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றார். 1975-இல் அவருடைய அடுத்த இசைத்தட்டு வந்தது. ‘கல்கத்தாவின் தெருக்கள்’, ‘ஆடும் முரசுகள்’ எனப் பொருள்படும் இரு உருப்படிகள் அதில் உள்ளன. 1996-இல் புளூ நோட் நிறுவனம் தன் தொகுப்பொன்றில் அவ்விரண்டையும் சேர்த்தது. இலண்டன் நடன அரங்குகளில் அவை மீண்டும் ஒலித்தன. அங்கே வளர்ந்த தெற்காசிய இளைஞர்கள், தம் பெற்றோரின் இசையையும் தாம் பிறந்த நகரத்தின் இசையையும் இணைக்க முயன்ற நேரம் அது. தபேலாக் கலைஞர் தல்வின் சிங்கின் இசைத்தட்டு 1999-இல் மெர்க்குரி பரிசை வென்றது அந்த அலையின் உச்சம். ‘ஸ்டேட் ஆஃப் பெங்கால்’ என்ற பெயரில் இயங்கிய சாம் சமான், ஆனந்த சங்கரோடு சேர்ந்தே மேடையேறினார். 1999 மார்ச்சில் ஆனந்த சங்கர் மறைந்தார். இருவரும் இணைந்து செய்த இசை 2000-இல் வெளிவந்தது.

புகழ் வந்தது, ஆனால் எதற்கு வந்தது? நடன அரங்குகள் எடுத்துக்கொண்டவை துள்ளும் துண்டுகளையே. கல்கத்தாக் கடைக்காரர் ஒலிநாடாவில் செய்ததைத்தான் இலண்டனும் செய்தது. பதின்மூன்று நிமிடக் கடலை நடன அரங்கில் ஒலிக்கவிட முடியாது. செல்வாக்கு முதலில் மேற்பரப்பையே பற்றுகிறது. ஆழத்தைப் பற்றுவதற்கு வேறு வகை மனிதர் வேண்டும்.

அப்படிப்பட்டோரும் வந்தனர். 1970களின் நடுவில் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், எல். சங்கரின் வயலின், விக்கு விநாயகராமின் கடம், ஜாகிர் உசேனின் தபேலா ஆகியவற்றோடு ‘சக்தி’ குழுவைத் தொடங்கினார். மின்கிதாரை ஒதுக்கிவைத்து, சுருதிக்கெனத் தனி நரம்புகள் பூட்டிய கிதாரோடு தரையில் அமர்ந்தார். அங்கே தாளத்தை நிர்ணயித்தது கடம். 2024-இல் அக்குழு கிராமி விருது பெற்றபோது விநாயகராமின் மகன் செல்வகணேஷ் அதில் இருந்தார். 1986-இல் இளையராஜா, தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ‘ஹௌ டு நேம் இட்?’ இசைத்தட்டும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. ஆனந்த சங்கரைப் பார்த்து இவர்கள் செய்தனர் என்று நாம் சொல்லவில்லை. அவர் 1970-இல் கேட்ட கேள்வியையே இவர்களும் கேட்டனர். சில இடங்களில் அவரைவிட நல்ல விடையும் கண்டனர். ‘ரகுபதி’யையே எடுத்துக்கொள்வோம். பஜனையில் பாடுவோரின் கைத்தட்டே தாளம். ஆனந்த சங்கர் அந்தத் தாளத்தை முரசுத் தொகுதியிடம் ஒப்படைத்துவிட்டார். வீடு திரும்பியவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார் என்று நமக்கு அங்கே ஒரு குறை. ‘சக்தி’ குழு உள்ளே வந்து அமர்ந்தது.

நம் முற்றத்தில்

இவ்வளவும் தொலைதூரக் கதை அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 119-ஆம் எண், மக்களின் சொந்த இசைமரபுக்கு உரிய மதிப்பும் பொருத்தமான இடமும் தரப்பட வேண்டும் என்று கூறுகிறது. அதனை ஒட்டி நம் பாடகர் குழுக்களில் மத்தளமும் தபேலாவும் ஒலிக்கத் தொடங்கின. இன்று பெரும்பாலும் விசைப்பலகை ஒன்றே எல்லாமாகிவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் நாட்டுப்புறத் தாளம், மற்றொன்றை அழுத்தினால் ராக் தாளம். வெளியே ஆடி இரவில் பம்பை அடிப்பவரின் பேரனுக்குக் குச்சி பிடிக்கத் தெரியவில்லை. உள்ளே பொத்தானில் பம்பை ஒலிக்கிறது.

விசைப்பலகையைக் குறை சொல்வது நம் நோக்கம் அன்று. ஆனந்த சங்கர் பயன்படுத்திய கருவியும் பொத்தான்களும் கம்பிகளும் கொண்டதே. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தக் கருவி நமக்கு நிலம் அமைத்துத் தருகிறதா, அல்லது நம் இடத்தில் தானே நின்றுகொள்கிறதா? தாளத்தை யார் தணிக்கிறார்கள்? ஏற்றப்பட்ட மனத்தை இறக்கிவிட யாரேனும் இருக்கிறார்களா? இக்கேள்விகளைக் கேட்கும் எந்தப் பாடகர் குழுவும் எந்தக் கருவியையும் துணிந்து தொடலாம்.

அண்ணன் 1990களின் தொடக்கத்தில் மறைந்தார். அவருடைய ஒலிநாடா என்னவாயிற்று என்று தெரியாது. ‘கதம்பம்’ என்று நாம் சொன்னபின் அவர் வேறெந்தப் பாட்டையும் நம்மிடம் கொண்டுவந்து கருத்துக் கேட்டதில்லை. தெருவில் கண்டால் சிரிப்பார். லாரியைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். பாட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டார். கற்றவர் ஒருவர் சொல்லும் அரைகுறைத் தீர்ப்பு, கல்லாதவர் ஒருவரின் நல்ல செவியை எப்படி வாயடைக்கச் செய்கிறது என்பதற்கு அது சான்று. தமிழில் இசைத்திறனாய்வு செய்வோர், அதிலும் நம்மைப் போன்று அரைக்கேள்வியோடு செய்வோர், இதனை மறக்கலாகாது.

‘சாகர்’ உருப்படியை இப்போது கேட்கும்போதெல்லாம், நள்ளிரவில் ஒடிசாவின் நெடுஞ்சாலையில் தனியே போகும் ஒரு லாரியின் முன்விளக்கு நம் மனக்கண்ணில் தெரிகிறது. அந்த இசை வண்டியை விரட்டவில்லை. அதனோடு கூடவே போகிறது. இதைச் சொல்ல நாம் எட்டுப் பக்கம் எழுத வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.